தாத்தா உழைத்தார், பேரன் உழைக்கவில்லையா? ராமநாதபுரம் கரையிலிருந்து ஒரு பதில்

கேள்வி கேட்டவர் தங்கச்சிமடத்துக்காரர். தாத்தா வத்தை என்ற சிறு படகில் கடலுக்குப் போனவர், அப்பா சவூதியிலிருந்து திரும்பியவர், தான் பி.இ. முடித்துவிட்டு மூன்றாவது வருடமாக அரசுத் தேர்வுக்குப் படிக்கிறவர் என்று எழுதியிருக்கிறார். வீட்டுக்கு யார் வந்தாலும் ‘எங்க காலத்து உழைப்பு இந்தப் பிள்ளைகள்ட்ட இல்லை’ என்கிறார்களாம். கூடவே ஜப்பான்காரன் உழைப்பாளி, கொரியாக்காரனுக்கு நாட்டுப் பெருமை அதிகம், அதனால்தான் முன்னேறினான் என்று உபதேசம் வேறு. ஒரு நாட்டுக்கென்று உழைப்பு, பெருமை, முன்னேற்றம் பற்றி ஒரு மனப்பான்மை உண்டா, அது தலைமுறைக்குத் தலைமுறை மாறுமா என்பது அவர் எழுதிய கேள்வி. எழுதாமல் விட்ட கேள்வி, ‘எங்கள் தலைமுறை சோம்பேறியா?’ என்பது. உங்களை உறுத்துவது இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். இரண்டுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

நான் படித்தது சமூகவியல். சோறு போட்டது வங்கி வேலை. மண்டபத்திலிருந்து சாயல்குடி வரை கரையோரக் கிளைகளில் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு குடும்பம் எதை முன்னேற்றம் என்று நினைக்கிறது என்பது அவர்கள் பேச்சில் தெரிவதைவிட, எதற்காக நகையைக் கழற்றுகிறார்கள் என்பதில் நன்றாகத் தெரியும். அதே சமயம், கடன் கேட்டு வந்தவர்களைத்தான் எனக்குத் தெரியும். வங்கி வாசலை மிதிக்காமல் சம்மாட்டி என்ற படகு முதலாளியிடமும் வட்டிக்காரரிடமும் காரியத்தை முடித்துக்கொண்டவர்கள், கடனே வாங்காமல் காலம் தள்ளியவர்கள் என் கண்ணில் பட்டதில்லை. கரையைப் பற்றி நான் சொல்வதை அந்த அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், சந்தேகமில்லாமல் சொல்லக்கூடியது. ‘இந்த நாட்டுக்காரன் உழைப்பாளி, அந்த நாட்டுக்காரன் சோம்பேறி’ என்ற பேச்சு இரண்டு தலைமுறைகூடத் தாங்குவதில்லை. 1903இல், ஜப்பானில் நெடுங்காலம் வாழ்ந்த சிட்னி குலிக் என்ற அமெரிக்க மிஷனரி, ஜப்பானியர் பலர் சோம்பேறிகளாகவும் நேரத்தைப் பற்றிக் கவலையில்லாதவர்களாகவும் தோன்றுகிறார்கள் என்று எழுதினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஜெர்மனிக்குப் போன ஆங்கிலேயப் பயணிகள் ஜெர்மானியர்களை மந்தமானவர்கள் என்று குறித்துவைத்தார்கள். கொரியா 1960களின் தொடக்கத்தில் உலகத்தின் பரம ஏழை நாடுகளில் ஒன்று. 1963 முதல் 1977 வரை ஏறக்குறைய 8,000 கொரிய ஆண்கள் மேற்கு ஜெர்மனியின் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு வேலைக்குப் போனார்கள். பத்தாயிரம் அளவில் பெண்கள் செவிலியராகப் போனார்கள். ஊருக்கு அனுப்பிய பணத்தில் தம்பி படித்தான், அப்பா கடன் அடைத்தார். உங்கள் அப்பா சவூதியில் செய்ததற்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் எனக்குத் தெரியவில்லை. ஜப்பானியரின் ரத்தமும் மதமும் மொழியும் 1903க்கும் 1973க்கும் இடையில் மாறிவிடவில்லை. தொழிற்சாலை வந்தது, சம்பளம் வந்தது, நேரத்துக்கு வந்தால் பலன் உண்டு என்ற நிலை வந்தது. நேரம் தவறாமை பின்னாலேயே வந்தது.

இதற்கு ஜப்பான் வரை போக வேண்டியதில்லை, மண்டபத்திலேயே அத்தாட்சி இருக்கிறது. இன்றைக்கு மண்டபம் முகாம் என்றால் இலங்கை அகதிகள் நினைவுக்கு வருவார்கள். அதற்கு முன் அது இலங்கை அரசாங்கம் நடத்திய முகாம். திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, ராமநாதபுரம் பக்கங்களிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலிக் குடும்பங்களை அங்கே சில நாள் நிறுத்தி, நோய் இருக்கிறதா என்று பார்த்து, அம்மை குத்தி, பிறகுதான் தனுஷ்கோடிக்கு ரயிலேற்றி தலைமன்னாருக்குக் கப்பலேற்றினார்கள். தோட்டத் துரைமார் தமிழர்களை உழைப்பாளிகள், பணிவானவர்கள் என்று மெச்சினார்கள். பக்கத்திலேயே இருந்த கண்டிச் சிங்கள விவசாயியைச் சோம்பேறி என்றார்கள். அந்த விவசாயிக்குச் சொந்தமாக ஒரு துண்டு வயலும் நாலு தென்னையும் இருந்தன. துரை கொடுத்த கூலிக்கு மலையேற வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. நம் ஆட்களுக்கு ஊரில் பஞ்சம், தலையில் கடன், திரும்பி வர வழிச்செலவு கிடையாது. இப்போது ராமேஸ்வரத்து விடுதிகளிலும் கட்டட வேலைகளிலும் வடமாநிலப் பையன்களைப் பார்க்கிறோம். ‘நம்ம பயலுக லாயக்கில்ல சார், இவனுகதான் முகம் சுளிக்காம செய்யுறானுக’ என்று ஒரு விடுதி முதலாளி என்னிடம் சொன்னபோது, ‘நீங்க துரை மாதிரி பேசுறீங்க அண்ணாச்சி’ என்றேன். அவருக்குப் புரியவில்லை, புரியவைக்கவும் நான் முயலவில்லை.

ஆக, என் கருத்து இதுதான்: உழைப்பின் மீதான மனப்பான்மை என்று நாம் பேசுவதில் பெரும்பங்கு, ஒரு வேலையை வேண்டாம் என்று மறுக்கும் வசதி யாருக்கு எப்போது கிடைத்தது என்பதைப் பற்றியது. மறுக்க முடியாதவனை எல்லோரும் உழைப்பாளி என்பார்கள். மறுத்தால், அன்று முதல் அவன் சோம்பேறி.

இதை மூன்று தலைமுறையில் வைத்துப் பார்க்கலாம். நகைக் கடன் விண்ணப்பத்தில் ‘நோக்கம்’ என்று ஒரு கட்டம் உண்டு. வட்டி குறையும் என்பதற்காகப் பாதிப் பேர் அதில் விவசாயச் செலவு என்று போடுவார்கள். கடலைத் தவிர வேறு நிலமே பார்க்காதவர்கூட. உண்மையான நோக்கம் நகையை எடை போடும்போது வாயால் வந்துவிடும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் வந்த பெரியவர்கள் சொன்னது வலை, எஞ்சின், மழைக்கு முன் கூரை. அடுத்த வரிசை ஆட்கள் சொன்னது விசா. ஏஜெண்டுக்குக் கட்ட வேண்டிய பணத்துக்கு மனைவியின் தாலிக்கொடியே வரும். கழுத்தில் மஞ்சள் கயிறு ஏறும். மூன்றாவது வரிசையில் செமஸ்டர் கட்டணம், கல்விக் கடனுக்கு மேல் துண்டு விழும் தொகை, இப்போது கோச்சிங் சென்டர் பணம். தங்கம் அதேதான், சில சமயம் அதே சங்கிலி. மாமியார் வலைக்கு அடகு வைத்ததை மருமகள் விசாவுக்கு வைத்தார், அவர் மகள் தன் தம்பியின் படிப்புக்கு வைத்தார். உழைத்துச் சேர்க்கிற குணமோ, பிள்ளைக்காகக் கழற்றுகிற குணமோ எங்கே குறைந்தது? ஏணிதான் ஒவ்வொரு முறையும் வேறு சுவரில் சாத்தப்பட்டது.

ஏணிகளை அவர்கள் மட்டும் தேர்ந்தெடுக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போனது. ரயில் நிலையம், துறைமுகம், கடைவீதி, அதை நம்பிய வேலைகள் எல்லாம் ஒரே இரவில் போயின. அதன் பிறகு ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்கு ஓடிய கப்பலும் 1980களின் முற்பாதியில் இலங்கைக் கலவரத்தோடு நின்றது. 1973இல் எண்ணெய் விலை ஏறியதும் வளைகுடா திறந்தது. 1983இல் குடிபெயர்வுச் சட்டம் வந்தது. அதன் விதிகளால் பின்னாளில் பத்தாம் வகுப்புக்கு ஒரு புது மதிப்பு வந்தது. பத்து தேறாதவன் பாஸ்போர்ட்டில், வெளிநாட்டு வேலைக்குப் போக அரசின் தனி அனுமதி வேண்டும் என்கிற இ.சி.ஆர். முத்திரை விழும், தேறியவனுக்கு அந்தத் தொல்லை இல்லை. கரையோரத்தில் எத்தனையோ பையன்களைப் பத்தாவது வரை பள்ளியில் உட்காரவைத்தது அந்த முத்திரைதான், ஆசிரியர்கள் மன்னிக்க வேண்டும். 1984 வாக்கில் தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் வந்தன. கீழக்கரையில் முகமது சதக் கல்லூரியும் அந்த வருடம்தான். 2001க்குப் பிறகு நான்கு லட்சம் வரை ஈடு இல்லாமல் கல்விக் கடன். ஒவ்வொன்றும் ஒரு கதவு. கதவு திறந்த வருடத்தில் பதினெட்டு வயதில் இருந்தவனுக்கும் நாற்பது வயதில் இருந்தவனுக்கும் அது ஒரே கதவு இல்லை.

இதைத்தான் ஹங்கேரியில் பிறந்த கார்ல் மான்ஹைம் என்ற சமூகவியலாளர் 1928இல் தலைமுறை பற்றி எழுதிய கட்டுரையில் வலியுறுத்தினார். ஒரே வருடத்தில் பிறந்துவிட்டால் ஒரே தலைமுறை ஆகிவிட மாட்டார்கள்; இளமையில் ஒரே நிகழ்ச்சிகள் அவர்களைச் சேர்த்துத் தாக்கியிருக்க வேண்டும். நம் கரையில் இது கண்கூடு. 1983இல் இருபது வயதில் இருந்த கீழக்கரை வியாபாரக் குடும்பத்துப் பையனுக்கு உலகம் விரிந்துகொண்டிருந்தது. மாமா துபாயில், மச்சான் கொழும்பில். அதே வயதுப் பாம்பன் மீனவனுக்குக் கடல் சுருங்கத் தொடங்கிய வருடம் அது. பாக் நீரிணையில் துப்பாக்கிச் சத்தம். அதே வயதில் முதுகுளத்தூர்ப் பக்கம் வேலிக்கருவை வெட்டிக் கரி மூட்டம் போட்டவனுக்கு இரண்டும் இல்லை. மூவரையும் சேர்த்து ‘எண்பதுகளின் இளைஞர்கள் கடும் உழைப்பாளிகள்’ என்று ஒரு வாக்கியம் எழுதினால் அது யாரைப் பற்றிய வாக்கியம்? ஒரு மாவட்டத்துக்கே இந்தக் கதி என்றால், 140 கோடிப் பேர் உள்ள நாட்டுக்கு ஒரு மனப்பான்மை என்பதை எவ்வளவு நம்பலாம் என்று நீங்களே பாருங்கள்.

உங்கள் தாத்தாவைப் பற்றி ஒரு வார்த்தை. கடலுக்குப் போனவர்கள் அந்த உழைப்பை விரும்பிச் செய்தார்கள் என்று இப்போது ஒரு பேச்சு அடிபடுகிறது, குறிப்பாகக் கடலைப் படகுத்துறையிலிருந்து பார்த்தவர்கள் மத்தியில். பெருமை இருந்தது, அதை மறுக்கவில்லை. நீவாடு என்ற நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது, கச்சான் காற்று எப்போது வாடைக்காற்றாகத் திரும்பும், எந்தக் கலங்கலில் எந்த மீன் என்று சொல்லத் தெரிந்தவருக்கு ஊரில் தனி மரியாதை. ஆனால் அதே ஆள் சம்மாட்டியிடம் முன்பணம் வாங்கியிருந்தால் காய்ச்சலோடும் கடலுக்குப் போக வேண்டும். முன்பணம் அடையும்வரை வேறு படகில் ஏற முடியாது. தேவிபட்டினத்துப் பெரியவர் ஒருவர் கடைசி மகனோடு வந்திருந்தார். மகன் பக்கத்தில் தலையைக் குனிந்து நின்றான். பெரியவர் இரண்டு உள்ளங்கையையும் மேசை மேல் விரித்து வைத்தார். வலைக்கயிறு அறுத்த கோடுகள் ரேகையை மறைத்திருந்தன. கட்டைவிரல் மை உருட்டினால் பதிவு விழாது, இரண்டு முறை துடைத்து உருட்ட வேண்டும். ‘சார், இவன் கை இப்படி ஆகக் கூடாது, அதுக்கு எவ்வளவு ஆகும்னு மட்டும் சொல்லுங்க’ என்றார். அந்த மகனைத்தான் இன்று யாரோ ஒருவர் உழைப்புக்கு அஞ்சியவன் என்று சொல்லிக்கொண்டிருப்பார். அவன் கடலை விட்டது அப்பாவின் பேச்சை மீறி அல்ல, அப்பா கேட்டுக்கொண்டதால்.

பெண்களைப் பற்றிப் பேசாமல் இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. ‘இப்ப யாரு உழைக்கிறா’ என்று புலம்புகிறவர்கள் ஆண்களின் வேலையைத்தான் மனதில் வைத்திருக்கிறார்கள். சின்னப்பாலத்திலும் ஏர்வாடிப் பக்கமும் கடல்பாசி எடுக்கப் போகிற பெண்களைப் பாருங்கள். விரலுக்குத் துணி சுற்றி, காலில் செருப்பை இறுக்கிக் கட்டி, கண்ணாடி மாட்டி, இடுப்பில் பையோடு, பாறைக்கும் பவளத்துக்கும் நடுவே மூச்சடக்கி முங்கி மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்ற பாசிகளைப் பறித்து வருகிறவர்கள். 1986இல் மன்னார் வளைகுடாத் தீவுகள் கடல்சார் தேசியப் பூங்கா ஆனதிலிருந்து தீவுப் பக்கம் போவதற்கே வனத்துறையோடு மல்லுக்கட்டு. 2000க்குப் பிறகு மூங்கில் மிதவையில் புதுப் பாசி வளர்ப்பு வந்தது, நாற்பத்தைந்து நாளில் அறுவடை. மூன்று தலைமுறையாக அந்த வீடுகளில் உழைப்பு குறையவே இல்லை. மாறியது வேறு. கடன் மனுவில் தொழில் என்ற இடத்தில் முன்பு இந்தப் பெண்கள் ‘வீட்டுல சும்மாதான் சார் இருக்கேன்’ என்பார்கள், நாங்களும் குடும்பத் தலைவி என்று எழுதிவிடுவோம். சுயஉதவிக் குழுக்கள் வந்து, கணக்கு அவர்கள் பெயருக்கு வந்தபிறகு, ‘பாசித் தொழில்னு போடுங்க’ என்று நிமிர்ந்து சொன்னார்கள். அதே கடல், அதே கை. வேலையைப் பற்றிய பெருமை இந்த ஒரு கூட்டத்தில் தலைமுறைக்குத் தலைமுறை ஏறியிருக்கிறது, அதற்குக் காரணம் பணம் யார் கையில் எண்ணிக் கொடுக்கப்படுகிறது என்பதுதான் என்பது என் துணிபு. அவர்கள் மகள்கள் பாசிக்கு வரமாட்டார்கள், நர்சிங் போவார்கள். அதையும் தாய்மார்தான் சொல்லி அனுப்புகிறார்கள்.

இனி ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்பது. 1981 முதல் உலக விழுமியக் கணக்கெடுப்பு என்று ஒன்று நாடு நாடாக நடக்கிறது. வேலை உங்கள் வாழ்க்கையில் எவ்வளவு முக்கியம், உங்கள் நாட்டவர் என்பதில் எவ்வளவு பெருமை, பிள்ளைகளுக்கு வீட்டில் கற்றுத்தர வேண்டிய குணங்களில் கடின உழைப்பு உண்டா என்றெல்லாம் கேட்கிறார்கள். அதை வளர்த்தெடுத்த ரொனால்ட் இங்கிள்ஹார்ட் 1970களிலேயே ஒரு கருத்தை முன்வைத்தார்: பதின்ம வயதில் எது உனக்குப் பற்றாக்குறையாக இருந்ததோ அதையே வாழ்நாள் முழுக்கப் பெரிதாக மதிப்பாய், பஞ்சத்தில் வளர்ந்தவன் சோற்றையும் பாதுகாப்பையும் மதிப்பான், வசதியில் வளர்ந்தவன் சுதந்திரத்தையும் தன் விருப்பத்தையும் மதிப்பான். மேற்கு ஐரோப்பாவில் போருக்கு முன் வளர்ந்தவர்களையும் பின் வளர்ந்தவர்களையும் ஒப்பிட்டால் இது நன்றாகப் பொருந்தியது.

நம் கரைக்குப் பொருந்துகிறதா? மேலோட்டமாகப் பார்த்தால் இல்லை. வளைகுடாப் பணத்தில் வளர்ந்த பையன் சுதந்திரமாகப் பாட்டுப் பாடப் போகவில்லை, டி.என்.பி.எஸ்.சி. புத்தகத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறான். ஆனால் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் இங்கிள்ஹார்ட் சொன்னது வேறு விதத்தில் சரியாகத்தான் இருக்கிறது. அந்த வீட்டில் பணம் பற்றாக்குறை இல்லை, நிச்சயம்தான் பற்றாக்குறை. 1990 ஆகஸ்டில் குவைத்துக்குள் ஈராக் புகுந்தபோது ஒரு பையோடு திரும்பியவர்கள், 2011இல் உள்நாட்டவருக்கு வேலை ஒதுக்கிய சவூதியின் நிதாகத் திட்டத்துக்குப் பிறகு வேலை இழந்தவர்கள், 2020இல் கொரோனாவில் அனுப்பப்பட்டவர்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். கடல் பக்கம் போனால் வாரத்தில் மூன்று நாள்தான் விசைப்படகு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், போன படகு திரும்புமா சிறைபிடிக்கப்படுமா என்ற பயம். 2017இல் இலங்கை, கடலடியோடு இழுத்து மீன் பிடிக்கும் இழுவைமடியைச் சட்டம் போட்டுத் தடுத்த பிறகு அந்தப் பயம் இன்னும் கூடியது. அப்பாவின் அடுத்த மாதச் சம்பளம் வருமா என்று தெரியாமல் வளர்ந்தவன் மாதம் முதல் தேதி சம்பளத்தைச் சொர்க்கமாக நினைப்பதில் என்ன ஆச்சரியம்?

இந்தக் கணக்கெடுப்புகளை வைத்துத் தலைமுறை பற்றித் தீர்ப்புச் சொல்வதில் தீராத ஒரு சிக்கல் இருக்கிறது என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இருபத்தைந்து வயதுக்காரர் வேலையைப் பற்றி ஒரு மாதிரி, அறுபது வயதுக்காரர் வேறு மாதிரி பதில் சொன்னால், அது வயதால் வந்த வித்தியாசமா, பிறந்த காலத்தால் வந்ததா, கேட்ட வருடத்தின் நிலவரத்தால் வந்ததா? மூன்றில் இரண்டு தெரிந்தால் மூன்றாவது தானாக வந்துவிடும் என்பதால், கணக்குப் போட்டு மூன்றையும் தனித்தனியாகப் பிரிக்கவே முடியாது. ஏதாவது ஒன்றை அனுமானித்துக்கொண்டுதான் பிரிக்க வேண்டும். அதனால் ‘இளைஞர்களுக்கு வேலையில் பற்று குறைந்துவிட்டது’ என்று செய்தித்தாளில் ஒரு சதவீதம் போட்டால், முப்பது வருடம் முன்பு இதே வயதுக்காரர்களிடம் இதே கேள்வியைக் கேட்டார்களா என்று பாருங்கள். பெரும்பாலும் கேட்டிருக்க மாட்டார்கள்.

பெருமை பற்றிய பகுதியில் எனக்கு உறுதி குறைவு, ஊகம் அதிகம். நாட்டுப் பெருமை பற்றிக் கேட்டால் இந்தியர்கள் உயர்வாகவே பதில் சொல்கிறார்கள். பணக்கார நாடுகளில் இளையவர்கள் மூத்தவர்களைவிடக் குறைவாகச் சொல்வதும் பல இடங்களில் காணப்படுகிறது. இவை கணக்கெடுப்பில் இருப்பவை. ஊரில் நான் பார்த்தது, பெருமை இடம் மாறுவதை. பெரியவர்களில் போஸ், நேதாஜி என்று பெயர் வைத்தவர்கள் நம் மாவட்டத்தில் எத்தனை பேர்! மலாயாவுக்கும் பர்மாவுக்கும் போன உறவினர் வழியாக வந்த பற்று அது. நாடு அவர்கள் வீட்டுக்குள் ஓர் ஆளாக இருந்தது. ஆனால் அன்றாடப் பெருமை என்றால் தன் கைவேலைதான். இரண்டாம் தலைமுறையின் பெருமை வாசலில் கிரானைட் போட்ட வீடு. மூன்றாம் தலைமுறைக்குக் கைவேலை இல்லை, வீட்டை அப்பா கட்டிவிட்டார், மிச்சமிருப்பது நாடு. சந்திரயான், புதிய பாம்பன் பாலம், கலாம். 2025 ஏப்ரல் 6ஆம் தேதி தூக்குப் பாலம் திறந்தபோது வாட்சப் முழுக்க அதுதான். 1914இல் திறந்த பழைய பாலத்தைப் பற்றி என் தாயார் பேசினால் பெருமை இருக்காது. அது வழியாகப் போய்த் திரும்பாதவர்களின் பெயர்தான் வரும். 1988இல் சாலைப் பாலம் வந்தபோது என் வயதுக்காரர்களுக்கு வந்தது நிம்மதி, இனி நோயாளியைக் கொண்டுபோக ரயிலுக்குக் காத்திருக்க வேண்டாம் என்று. சொந்த வேலையில் பெருமைப்பட இடமில்லாதபோது நாட்டுப் பெருமை ஓங்குகிறது என்று இதிலிருந்து சொல்லத் தோன்றுகிறது. ஆனால் நிரூபிக்க என்னிடம் ஒன்றுமில்லை. நல்ல வேலையில் இருந்துகொண்டே நாட்டுப் பெருமை பேசுகிறவர்களும் ஏராளம்.

கலாம் பற்றி ஒன்று சொல்லாமல் போக முடியவில்லை. ராமேஸ்வரத்தில் படகுக்காரரின் மகனாக 1931இல் பிறந்து குடியரசுத் தலைவர் ஆனவர் என்பதை ஒவ்வொரு பள்ளியிலும் சொல்கிறோம், பேய்க்கரும்பு நினைவிடத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகிறோம். அந்தக் கதை பிள்ளைக்குச் சொல்வது, தீவை விட்டுப் போ, படி, அப்பாவின் தொழிலுக்குத் திரும்பாதே என்பதுதானே? அப்படிச் சொல்லி வளர்த்துவிட்டு, பையன் படகில் ஏறவில்லை என்று கோபித்துக்கொள்கிறோம்.

நான் மேலே சொன்ன கருத்து எல்லாவற்றையும் விளக்கிவிடாது. மறுக்கும் வசதி வந்தவுடன் உழைப்பு குறையும் என்றால், ஜப்பான் பணக்கார நாடான பிறகும் 1980களில் ஒருவர் வருடத்துக்கு 2,000 மணி நேரத்துக்கு மேல் ஏன் வேலை பார்த்தார்? இப்போது அது 1,600 மணி அளவுக்கு இறங்கியிருக்கிறது. 1987இல் சட்டத்தைத் திருத்தி வாரத்துக்கு 40 மணி நேரம் என்று படிப்படியாகக் கொண்டுவந்ததும், பகுதிநேர வேலைக்காரர்கள் பெருகியதும் காரணங்கள். கொரியாவும் 2018இல்தான் வாரத்துக்கு 52 மணி நேரம் என்று உச்சவரம்பு கட்டியது. வசதி வந்த பிறகும் பழக்கமும், மேலதிகாரிக்கு முன் எழுந்து போகக் கூடாது என்ற கூச்சமும் ஒரு தலைமுறை தாங்கும். நம் பக்கத்திலும் வசதி இருந்தும் கடலை விடாதவர்கள் இருக்கிறார்கள். பட்டப்படிப்பு முடித்து, சென்னையில் வேலை பார்த்து, திரும்பி வந்து நாட்டுப்படகு வாங்கிய ஒருவருக்கு நானே கடன் பரிந்துரைத்தேன். ஏன் என்று கேட்டதற்கு, ‘அங்க எவனோ சொல்றத செய்யணும் சார், இங்க காத்து சொல்றத செய்றேன்’ என்றார். கணக்குப்படி அவருக்கு அது நட்டம். இதைச் சம்பளக் கணக்காலோ நகைக் கடன் கணக்காலோ விளக்க என்னால் முடியாது.

கடைசியாக, அரசுத் தேர்வுக்கு மூன்று வருடமாகப் படிப்பது உழைப்பா என்பது. 2023இல் நாராயண மூர்த்தி இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் வேலை பார்க்க வேண்டும் என்று சொன்னதிலிருந்து உங்கள் வீட்டிலும் அந்தப் பேச்சு நடந்திருக்கும். இந்தியாவில் வேலையில் இருப்பவர்கள் ஏற்கெனவே வாரத்துக்குச் சராசரியாக 46, 47 மணி நேரம் வேலை பார்க்கிறார்கள், உலகத்தில் அதிக நேரம் உழைக்கும் பெரிய நாடுகளில் நாமும் ஒன்று. மணி நேரம் நம் குறையல்ல. படிப்பு உழைப்புதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கடன் கொடுத்தவனாக இன்னொன்றும் கேட்பேன். வலை வாங்கக் கடன் வாங்கியவர், இந்தப் பருவம் மீன் படாவிட்டால் என்ன செய்வது என்று பதில் வைத்திருந்தார். விசாவுக்கு வாங்கியவரும் எத்தனை வருடத்தில் திரும்புவேன் என்று சொன்னார். தேர்வுக்குப் படிக்கிறவர்களில் பலர், இன்னும் எத்தனை முறை எழுதுவேன், அதற்குப் பிறகு என்ன என்பதற்குப் பதில் வைத்திருப்பதில்லை. இடங்கள் சில ஆயிரம், எழுதுகிறவர்கள் பல லட்சம். உங்களிடம் ஒரு தேதி இருக்கிறதா? இருந்தால் அதை அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். சவூதியில் ஒப்பந்தத் தேதியைப் பார்த்தே காலம் தள்ளியவருக்கு அந்தப் பேச்சு உடனே பிடிபடும். தாத்தாவை நீங்களே சமாளிக்கலாம் என்று நினைத்தால், அவரிடம் முன்பணக் கதையைக் கேளுங்கள், உழைப்புக் கதையை வேண்டாம்.